எலி வளையானாலும் தனி வளை

ராஜஸ்தான் சோலார் பார்க் என்று பேச்சை எடுத்தால் இரண்டு விஷயம்தான் வரும். ஒன்று கானமயில். மின்கம்பியில் மோதிச் சாகிறது என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கம்பியைப் பூமிக்கடியில் பதியுங்கள் என்று 2021ல் உத்தரவு வந்தது, 2024ல் அதையே மாற்றி நிபுணர் குழுவிடம் விட்டார்கள். இன்னொன்று கேஜ்ரி மரம். நம்ம ஊர் வன்னி மரம்தான் அது. அதை வெட்டுகிறார்கள் என்று பிகானேர் பக்கம் பிஷ்னோய் மக்கள் 2024ல் இருந்து போராடியதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். இரண்டுமே நியாயமான சண்டைகள்தான். ஆனால் இரண்டும் தரைக்கு மேலே நடக்கிற சண்டை.

நான் எழுத வந்தது தரைக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி. அவர்களுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. காரணம் சிம்பிள். அவர்கள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு காலை நேரத்தில் கிரேடர் வண்டி வந்து நிலத்தைச் சமன் செய்துவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு அங்கே யாரும் இருந்ததற்கான அடையாளமும் இருக்காது.

வங்கிக்காரன் இதையெல்லாம் ஏன் எழுதுகிறான் என்று கேட்கலாம். இந்த நிலங்களில் போடப்படும் பணத்தில் பெரும்பகுதி கடன். கடன் கொடுக்கும் முன் நிலத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பது எங்கள் பிழைப்பு. பட்டா சரியா, வில்லங்கம் உண்டா, பாதை இருக்கிறதா, மண் தாங்குமா, வெள்ளம் வருமா... எல்லாம் கேட்போம். நிலத்தில் ஏற்கெனவே குடியிருப்பது யார் என்று மட்டும் கேட்க மாட்டோம். வாடகைதாரர் உண்டா என்று கேட்போம், அது வேறு :-)

முதலில் அந்தக் குடியிருப்போர் யார் என்று சொல்லிவிடுகிறேன். தார் பாலைவனத்தில் நிழல் கிடையாது. கோடையில் தரை நெருப்பு, குளிர்காலத்து விடியற்காலையில் ஐஸ். இரண்டிலிருந்தும் தப்பிக்க ஒரே வழி மண்ணுக்குள் போவது. அதனால் இங்கே பாதி ஜீவன்கள் வளைவாசிகள். பகலில் கூட்டமாகத் திரியும் பாலைவன எலி, ராத்திரியில் வரும் மணல் எலி, முள்ளெலி, நரி, மண்ணுளிப் பாம்பு, எலி வளையில் ஓசியில் தங்கும் சுருட்டை விரியன். இவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் சாண்டா.

சாண்டா என்றால் முள்வால் பல்லி. நம்ம ஊர் ஓணானைவிட நல்ல பெரிசு, உடும்பைவிடச் சின்னது. வால் முழுக்க முள் வளையம் வளையமாக இருக்கும். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் வளர்ந்த சாண்டா சுத்த சைவம்! இலை, பூ, விதைதான் சாப்பாடு. ஒரு வளைக்கு ஒரு ஆள். 'எலி வளையானாலும் தனி வளை' என்ற பழமொழியை நம்மைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற பிராணி. ஆனால் வளைகள் பக்கத்துப் பக்கத்தில் காலனி மாதிரி இருக்கும். நாம் பிளாட் வாங்குகிற மாதிரிதான், தனி வீடு, அதே சமயம் அக்கம்பக்கம் வேண்டும்.

வளை சாய்வாக இறங்கி, திரும்பி, இரண்டு மீட்டருக்கு மேல் போகும். சாயங்காலம் உள்ளே போனதும் மண்ணைத் தள்ளி வாசலை அடைத்துக்கொள்ளும். குளிர்காலம் வந்தால் அந்த அடைப்புக்குப் பின்னால் மாதக்கணக்கில் தூக்கம்.

அந்தத் தூக்கத்தில்தான் பிரச்சினையே இருக்கிறது. இங்கே வெளிவேலை செய்ய வசதியான காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. சர்வே ஆட்கள் வருவது அப்போதுதான். நில அளவை, மண் பரிசோதனை எல்லாம் அப்போதுதான் நடக்கும். ஒரு முறை அப்படி ஒரு சைட்டில் (கம்பெனி பெயர் வேண்டாம்) டிசம்பர் மாதம் நின்றுகொண்டிருந்தேன். 'வனவிலங்கு எதுவும் தென்படவில்லை' என்ற வரி அறிக்கையில் ஏற்கெனவே டைப் ஆகியிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றார். சைட் என்ஜினியர், "பார்த்தீங்களா சார், ஒரு பூச்சிகூட இல்ல" என்றார். பெரியவர் கைத்தடியால் தரையில் ஒரு இடத்தை லேசாகத் தட்டினார். "சாப், இங்கே ஒருத்தர் தூங்குறார். அங்கே ஒருத்தர். அதோ அந்தச் செடிகிட்டே ஒருத்தர். ஹோலிக்கு வாங்க, எல்லாரும் வாசலில் வெயில் காய்வாங்க" என்றார்.

அவர் காட்டிய பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் பள்ளமாக, கொஞ்சம் புதுசாக இருக்கும் மண். அவ்வளவுதான். படித்த கண்ணுக்கு அது வெறும் தரை.

டிசம்பரில் எண்ணினால் சாண்டாவின் எண்ணிக்கை பூஜ்யம். ஜனவரியில் கிரேடர் ஓடினால் அந்தப் பூஜ்யம் உண்மையாகிவிடும். தூங்குகிற பிராணி எழுந்து ஓடவும் முடியாது. மேலே சமன் செய்த மண் இறுகிவிடும். பேனல் தாங்கும் கம்பத்துக்கான பைல் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழம் போகும். சாண்டா படுத்திருப்பதும் கிட்டத்தட்ட அந்த ஆழம்தான்.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ல் வந்தது. 2022 திருத்தத்துக்குப் பிறகு சாண்டா முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கிற அதே அட்டவணை! அதைக் கொன்றால் மூன்று முதல் ஏழு வருஷம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். சாண்டா எண்ணெய் என்று தெருவில் விற்கிறார்களே, அதற்காக வளையைத் தோண்டிப் பிடிக்கிறவன் மாட்டினால் போலீஸ் போட்டோவோடு பேப்பரில் வருகிறான். (அந்த எண்ணெய்க்கு அவர்கள் சொல்லும் சக்தி எதுவும் கிடையாது. அது வெறும் கொழுப்பு.) பத்து சாண்டா பிடித்தவன் குற்றவாளி. ஆயிரம் ஏக்கரைச் சமன் செய்கிறவருக்கு அந்தக் கேள்வியே வருவதில்லை. ஏனென்றால் எத்தனை இருந்தது என்று யாரும் எண்ணவில்லை.

அணை, சுரங்கம், அனல்மின் நிலையம் என்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும். 2006 அறிவிக்கையின் அட்டவணையில் சூரிய ஒளி மின்சாரம் இல்லை. சுற்றுச்சூழல் அமைச்சகமும் 2011ல் ஒரு தடவை, 2017ல் இன்னொரு தடவை அதை உறுதி செய்தது. புகை இல்லை, சாம்பல் இல்லை, அதனால் மதிப்பீடும் வேண்டாம் என்பது வாதம். மேலே பார்த்தால் சரிதான். ஆனால் பட்லா சோலார் பார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2,245 மெகாவாட், சுமார் 14,000 ஏக்கர். புகை இல்லாவிட்டாலும் அத்தனை ஏக்கரில் தரை என்று ஒன்று இருந்திருக்கிறதே. காகிதத்தில் இந்த மாதிரி நிலங்களுக்கு 'தரிசு' என்று பெயர். அந்த வார்த்தையை எழுதியவர் கண்டிப்பாக டிசம்பரில்தான் வந்திருப்பார்.

சரி, வளைகளைப் பற்றிக் கம்பெனிகள் கவலையே படுவதில்லையா? படுகிறார்கள், எலிக்காக. எலி கேபிளைக் கடிக்கும், கேபிள் போனால் உற்பத்தி போகும். அதனால் வேலை ஆரம்பிக்கும் முன்பே 'ரோடண்ட் கன்ட்ரோல்' என்று ஒரு கான்ட்ராக்ட் போவதைப் பார்த்திருக்கிறேன். வருகிற பையன்கள் கண்ணில் படும் ஓட்டையில் எல்லாம் மருந்து வைத்துவிட்டுப் போவார்கள். ஓட்டைக்கு இவ்வளவு என்று கூலி. எது எலி வளை, எது சாண்டா வளை, எதில் நரிக்குட்டி இருக்கிறது என்று பார்க்க அவர்களுக்குத் தனியாகக் காசு கிடையாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போட்டு வாயை அடைத்தால் உள்ளே இருக்கும் எதுவும் பிழைக்காது. புரோமாடியோலோன் மாதிரியான இரை மருந்து என்றால், எலி தின்று இரண்டு மூன்று நாள் கழித்துத் தள்ளாடும். அதை நரியும் ஆந்தையும் பிடித்துத் தின்று அவையும் சாகும். எலியைத் தின்கிற ஆட்களைக் கொன்றுவிட்டு எலியைக் கட்டுப்படுத்துகிறோம்! அடுத்த மழைக்குப் பிறகு வேலிக்கு வெளியிலிருந்து புது எலி வரும். குறுகிய காலத்தில் பெருகுவது அதுதான். நரி அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது.

கேபிளைக் காப்பாற்ற வேறு வழி இருக்கிறது. கவசம் போட்ட கேபிள், குழாய்க்குள் செலுத்துவது, இன்வெர்ட்டர் அறைக்குள் கேபிள் நுழையும் ஓட்டையை ஒழுங்காக அடைப்பது. கொஞ்சம் செலவு கூடும், ஆனால் ஒரு தடவைதான். மருந்து வருஷா வருஷம்.

வெளிநாட்டுக் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பேட்ஜர் என்ற வளை தோண்டும் பிராணிக்காக 1992ல் தனிச் சட்டமே போட்டார்கள். அதன் வளை இருக்கும் இடத்தில் வீடு கட்ட வேண்டுமா? லைசென்ஸ் வாங்க வேண்டும். வளை வாயில் ஒருவழிக் கதவு பொருத்துவார்கள். உள்ளே இருப்பது வெளியே போகலாம், திரும்ப நுழைய முடியாது. 21 நாள் கவனித்து, யாரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் மூட முடியும். அதுவும் பொதுவாக ஜூலை முதல் நவம்பர் வரைதான், மற்ற மாதங்களில் உள்ளே குட்டி இருக்கலாம் என்பதால். ஒரு கட்டடக்காரர் ஜனவரியில் வந்து 'அவசரம்' என்றால், ஜூலை வரை காத்திரு என்பதுதான் பதில். அங்கே ஒன்றும் கட்டடத்தொழில் செத்துப்போய்விடவில்லை.

அமெரிக்காவில் புளோரிடாவில் வளை தோண்டும் ஆமை ஒன்று உண்டு. அதன் வளையை 350க்கும் மேற்பட்ட மற்ற உயிரினங்களும் பயன்படுத்துகின்றன. 2007 வரை அங்கே ஒரு கொடுமை நடந்தது. கட்டணம் கட்டி அனுமதி வாங்கினால் ஆமை உள்ளே இருக்கும்போதே மேலே கட்டலாம். அந்தப் பணத்தில் வேறு இடத்தில் ஆமைக்கு நிலம் வாங்குவார்கள். கணக்குப்படி சரி. ஆனால் ஆமை சீக்கிரம் சாகாது, மண்ணுக்கடியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 2007ல் அந்த அனுமதியை நிறுத்தினார்கள். இப்போது எண்ணி, தோண்டி எடுத்து, இடம் மாற்றிய பிறகுதான் வேலை. வளையை விட்டு 25 அடி தள்ளி நின்றால் ஆமையை நகர்த்தாமலே கட்டலாம்.

புளோரிடாவின் பழைய முறையைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். அங்கே கட்டணமாவது வாங்கினார்கள். இங்கே அதுவும் இல்லை.

மூன்றாவது கதைதான் எங்கள் வங்கி மீட்டிங்கில் எடுபடும். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஐவன்பா என்ற சோலார் திட்டம். அமெரிக்க அரசின் 160 கோடி டாலர் கடன் உத்தரவாதம் அதற்கு உண்டு. சர்வேயில் மதிப்பிட்டதைவிடப் பல மடங்கு ஆமைகள் நிலத்தில் இருந்தன. 2011 ஏப்ரலில் அரசின் நில நிர்வாகத் துறையே வேலையின் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தது. மறுபடி மதிப்பீடு செய்து ஜூன் மாதம்தான் விட்டார்கள். கடன் வாங்கி, இயந்திரம் வாடகைக்கு எடுத்து, ஆட்களை இறக்கிய பிறகு வேலை நிற்பது என்றால் என்ன என்று வங்கிக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டாம். வட்டி ஞாயிற்றுக்கிழமையும் ஓடும்.

என் கருத்து இதுதான். சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கடன் பத்திரத்தில் 'முதல் தவணை விடுவிக்கும் முன் நிறைவேற்ற வேண்டியவை' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் வளைக் கணக்கெடுப்பு என்று ஒரு வரி சேர்க்கலாம். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎப்சியின் ஆறாவது செயல்தரம் பல்லுயிர் பற்றியதுதான். ஐஎப்சியின் கொள்கைகளை அடிப்படையாக வைத்து 2003ல் சர்வதேச வங்கிகள் ஈக்வேட்டர் கோட்பாடுகள் என்று எழுதிக்கொண்டன. இந்தியாவில் முதலில் கையெழுத்துப் போட்டது ஐடிஎப்சி, 2013ல். வெளிநாட்டுப் பணம் வரும் திட்டங்களில் இதெல்லாம் கேட்கிறார்கள். அதே மாவட்டத்தில், அதே மண்ணில், நம் ரூபாய்க் கடன் என்றால் மட்டும் ஏன் கேட்கக்கூடாது?

செலவு, தாமதம் என்று இரண்டு ஆட்சேபம் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தேன் (பி.காம். புத்தி போகாது). 300 மெகாவாட் திட்டத்துக்கு 1,500 ஏக்கர் என்று வையுங்கள். சுமார் ஆறு சதுர கிலோமீட்டர். இருபது மீட்டர் இடைவெளியில் கோடு போட்டு நடந்தால் மொத்தம் 300 கிலோமீட்டர். காலையில் வெயில் ஏறும் வரை ஒரு ஆள் பத்து கிலோமீட்டர் நடப்பார். நாலு பேர் என்றால் எட்டு நாள் வேலை. ஒரு மெகாவாட்டுக்கே கோடிகளில் செலவாகும் திட்டத்தில் இந்த நாலு பேர் சம்பளம் டீ செலவு. தாமதமும் இல்லை. மின்சார ஒப்பந்தம் கையெழுத்தாகி, கடன் முடிவாகி, பணம் இறங்குவதற்குள் பல மாதம் போய்விடுகிறது. அந்த இடைவெளியில் ஒரு ஏப்ரலோ செப்டம்பரோ வராமலா போகும்? நடக்கத் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். ஜோத்பூரில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் பாலைவனக் கிளை இருக்கிறது. எலி ஆராய்ச்சியில் பழம் தின்று கொட்டை போட்ட காஜ்ரி நிலையமும் அங்கேதான். எல்லாரையும்விட, அந்த ஆடு மேய்க்கும் பெரியவரைக் கூட அழைத்துக்கொண்டு போகலாம். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

எண்ணிய பிறகு என்ன செய்வது? பிடித்து வேறு இடத்தில் விடுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். முதல் அட்டவணைப் பிராணியைப் பிடிப்பதே அனுமதி இல்லாமல் குற்றம். அனுமதிக்கு மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரோடு மத்திய அரசும் சரி என்று சொல்ல வேண்டும். கான்ட்ராக்டர் பையன் வாலைப் பிடித்துத் தூக்கி வேலிக்கு வெளியே போடுகிற விஷயம் இல்லை. போட்டாலும், இறுகின தரையில் அது புதுசாக இரண்டு மீட்டர் தோண்ட வேண்டும். அது வரைக்கும் மேலே வல்லூறு காத்திருக்கும். வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்து, சாமான் இறங்காமல் லாட்ஜில் குடும்பத்தோடு பத்து நாள் தங்கியவர்களுக்கு இது புரியும். நமக்காவது கம்பெனி அட்வான்ஸ் கொடுக்கும்.

நல்ல வழி, விட்டுவிடுவது. சாண்டா நிலம் முழுக்கப் பரவி இருக்காது. இறுகின மண்ணாகப் பார்த்துக் காலனி போட்டிருக்கும். 1,500 ஏக்கரில் அப்படிப்பட்ட இடங்களைக் குறித்துவிட்டால் பேனல் வரிசையை அங்கே தவிர்க்கலாம். வரைபடம் இன்னும் காகிதத்தில் இருக்கும்போது நாலு வரிசையை நகர்த்துவது ஒரு சாயங்கால வேலை. நிலம் முழுவதையும் கிரிக்கெட் மைதானம் மாதிரிச் சமன் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. பாதைக்கும், இன்வெர்ட்டர் மேடைக்கும் சமன் செய்தால் போதும், மற்ற இடத்தில் நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கே கம்பத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நரி வளை என்றால் குட்டிகள் வெளியேறும் வரை பொறுத்து, இங்கிலாந்துக்காரன் மாதிரி ஒருவழிக் கதவு. வேலிக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. அவ்வளவு விட்டால் எலி பிடிக்கிற கூலி இல்லாத வேலைக்காரர்கள் உள்ளேயே இருப்பார்கள்.

எங்கள் ஆபீசிலேயே இதற்கு எதிர்ப்பு உண்டு. "நிலக்கரிக்குப் பதில் சோலார் வருது, அதையும் பல்லிக்காக நிறுத்தணுமா சார்?" என்று ஜூனியர் ஒருவர் கேட்டார். நிறுத்தச் சொல்லவில்லையே. எட்டு நாள் நடக்கச் சொல்கிறேன். நிலக்கரிச் சுரங்கத்துக்கு மதிப்பீடு கேட்கிறோம் என்பதால் சுரங்கம் நின்றுவிட்டதா என்ன? பசுமை மின்சாரம் என்ற பெயரை விளம்பரத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் அதைக் கொஞ்சம் தரையிலும் காட்டலாம்.

இது சோலாருக்கு மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் ஜெய்ப்பூரிலோ புனேயிலோ பெங்களூர் புறநகரிலோ புது லேஅவுட்டில் மனை வாங்குகிறோம். குடிபோன முதல் மழைக்கே 'பாம்பு வந்துவிட்டது' என்று சங்கத்து வாட்ஸாப்பில் அலறல் வரும். பாம்பு வரவில்லை ஐயா, அது அங்கேயேதான் இருந்தது. அதன் வளையை மண் போட்டு மூடியதால் உங்கள் கார் ஷெட்டைத் தேடி வந்திருக்கிறது. புரோமோட்டரிடம் தண்ணீர், ரோடு, பார்க் எல்லாம் கேட்கிறோம். நிலத்தைத் திருத்தும் முன் வளைகளைப் பார்த்தீர்களா, எந்த மாதம் பார்த்தீர்கள் என்றும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள்.

கடன் பத்திரத்தில் சேர்க்க நான் எழுதி மேலிடத்துக்கு அனுப்பிய வாசகம் மூன்றே வரி. மார்ச் முதல் அக்டோபருக்குள் ஒரு தடவை நிலம் முழுக்க நடந்து வளைகளைக் குறித்த வரைபடம் வேண்டும். அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டு லேஅவுட்டை எங்கள் என்ஜினியர் சரிபார்க்க வேண்டும். இரண்டும் முடியாமல் நிலம் சமன் செய்யும் பில்லுக்குப் பணம் கிடையாது. போன வாரம் ஒரு வினாவோடு திரும்பி வந்தது. 'வளை எண்ணுபவருக்கான கட்டணத்தை எந்தத் தலைப்பில் காட்டுவது?' மண் பரிசோதனைத் தலைப்பிலேயே காட்டலாம் என்று பதில் போட்டிருக்கிறேன்.